பாட்டனின் ஞானமும் பேரனின் பேனாவும்

மேற்குச் சுமத்திராவில் மானிஞ்சாவ் என்றோர் ஏரி உண்டு. பண்டைக் காலத்து எரிமலையின் வாய் நீர் நிரம்பி ஏரியாயிற்று. மலைச்சுவர்கள் சூழ்ந்த அவ்வேரிக் கரையில், சுங்கை பாத்தாங் என்னும் சிற்றூரில், 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அப்துல் மாலிக் என்று பெயரிட்டனர். பின்னாளில் ஹஜ் கடமையை நிறைவேற்றிய அவர், தம் பெயரோடு தந்தையின் பெயரையும் பாட்டனாரின் பெயரையும் இணைத்து ஹாஜி அப்துல் மாலிக் கரீம் அம்ருல்லா என வழங்கலானார். அந்நெடும்பெயரின் முதலெழுத்துகள் கூடிப் பிறந்ததே ‘ஹம்கா’ என்னும் பெயர். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலாய் நூல் படிக்கும் பழக்கமுடையோர் அறியாத பெயரன்று அது.

ஒரு பெயரில் மூன்று தலைமுறை அடங்கியிருத்தல் கருதத்தக்கது. பாட்டனார் ஷெய்கு முஹம்மது அம்ருல்லா, நக்ஷபந்தி தரீக்காவின் ஞானகுரு. தந்தையார் ஹாஜி அப்துல் கரீம் அம்ருல்லா, அதே தரீக்காவின் வழக்கங்களை மேடையிலும் ஏட்டிலும் கண்டித்த சீர்திருத்தவாதி. பேரனாகிய ஹம்காவோ அகஞானத்தைப் பற்றி நூல் எழுதி அதனைக் கடைவீதி வணிகருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கொண்டு சேர்த்தவர். பாட்டன் கட்டினார், தந்தை இடித்தார், பேரன் மீண்டும் கட்டினார் என்று சுருங்கச் சொல்லிவிடலாம். உண்மை அத்துணை எளியதாக இல்லை. பேரன் எழுப்பிய கட்டடத்தில் பாட்டனார் நுழைந்திருந்தால் அதனைத் தம் வீடென்று அடையாளம் கண்டிருப்பாரா என்பது ஐயமே. அதில் கிடந்த சாமான்கள் மட்டும் அவருடையவை.

ஹம்கா பிறந்த மினாங்கபாவ் மண்ணின் இயல்பை அறியாமல் அவருடைய எழுத்தை அறிய இயலாது. அம்மண்ணில் ஒரு பிள்ளைக்கு இரண்டு மரபுரிமைகள் இருந்தன. ஒன்று, தாய்வழி வரும் குலமும் நிலமும். அதற்குரிய சட்டம் ‘அடாட்’ எனப்படும் வழக்காறு. மற்றொன்று, குருவழி வரும் சமயஞானம்.

வழக்காற்றின்படி வயலும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். ஆண்மகன் தன் மனைவியின் இல்லத்தில் விருந்தினன் போன்றவன். தன் தமக்கை தங்கையர் பெற்ற மக்களுக்கே அவன் பொறுப்பாளன். குடும்பத்தில் முடிவெடுப்பவர் தந்தை அல்லர், தாய்மாமன். தமிழருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. நாஞ்சில் நாட்டில் நிலவிய மருமக்கள்வழி உரிமையையும் அதனால் விளைந்த அல்லல்களையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நகையும் கண்ணீரும் கலந்து பாடியிருக்கிறார். மலேசியாவிலும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வழங்கும் ‘அடாட் பெர்ப்பாத்தே’ மினாங்கபாவிலிருந்து குடியேறியோர் கொணர்ந்ததே. சிரம்பான், கோலப்பிலா பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், அண்டை அயலில் உள்ள மலாய் வீடுகளில் நிலப்பட்டா பெண்கள் பெயரில் இருப்பதைக் கண்டறிந்தவர்களே.

இந்த வழக்காற்றுக்கும் இஸ்லாமியப் பாகப்பிரிவினைச் சட்டத்துக்கும் இடையே நெடுங்காலமாக உராய்வு உண்டு. 1803இல் மக்காவிலிருந்து திரும்பிய மூன்று ஹாஜிகள் தொடங்கிவைத்த கிளர்ச்சி பத்ரி இயக்கமாக வளர்ந்து, வழக்காற்றுத் தலைவர்களோடு மோதி, பின்னர் டச்சுக்காரரோடு பெரும்போராக மூண்டு, 1837இல் போன்ஜோல் கோட்டை வீழ்ந்ததோடு ஓய்ந்தது. வழக்காறு சமயச் சட்டத்தின்மீது நிற்கிறது, சமயச் சட்டம் இறைவேதத்தின்மீது நிற்கிறது என்னும் முதுமொழி மினாங்கபாவ் மக்களின் சமரச ஒப்பந்தமாயிற்று. ஒப்பந்தம் நாவில் இருந்தது. நிலம் பழையபடியே பெண்வழியில் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுராய்வை மீண்டும் கிளப்பியவர் மக்காவில் வாழ்ந்த ஒரு மினாங்கபாவ் அறிஞர். அஹ்மத் கத்தீப் என்பது அவர் பெயர். மக்காப் பெரிய பள்ளிவாசலில் ஷாபிஈ மத்ஹபின் இமாமாகவும் ஆசானாகவும் விளங்கிய இவர், தாய்வழி உரிமையைப் பிறர்பொருளைக் கவர்தலுக்கு ஒப்பானது என்று கடிந்தார். 1906ஆம் ஆண்டளவில் நக்ஷபந்தி தரீக்காவின் சில வழக்கங்களையும் மறுத்து நூல் எழுதினார். அதாவது, மினாங்கபாவ் பிள்ளையின் இரண்டு மரபுரிமைகளையும் ஒரே கையால் தள்ளினார். அவரிடம் பாடம் கேட்டுத் திரும்பிய மாணாக்கருள் ஒருவர்தாம் ஹம்காவின் தந்தையார்.

தரீக்காவில் கண்டிக்கப்பட்டது யாது? நக்ஷபந்தி அன்பர்கள் ‘சுலூக்’ என்னும் தனிமை நோன்பு இருப்பர். நாற்பது நாள் வரையிலும் ஊர்த்தொடர்பை அறுத்துக்கொண்டு, உண்டி சுருக்கி, உள்ளத்தால் இறைநாமம் ஓதுவர். ஓதத் தொடங்குமுன் தம் குருவின் திருவுருவை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வர்; இதற்கு ‘ராபிதா’ என்று பெயர். இறைவனுக்கும் அடியானுக்கும் இடையே எந்த உருவமும் நிற்கலாகாது என்பது சீர்திருத்தக்காரர்களின் வாதம். குரு வழிகாட்டியேயன்றி வணங்கப்படுபவர் அல்லர் என்பது எதிர்த்தரப்பின் விடை. இவ்வழக்கு மேற்குச் சுமத்திராவில் குடும்பங்களைப் பிரித்தது. ஹம்காவின் குடும்பத்தில் அது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலேயே நின்றது.

ஆனால் ஹாஜி அப்துல் கரீம் தம் ஆசானின் நிழலாக மட்டும் இருந்தவரல்லர். தரீக்கா குறித்து ஆசானோடு உடன்பட்ட அவர், நிலவுரிமை குறித்து வேறுபட்டார். முன்னோர் வழிவந்த குலநிலம் எந்தத் தனிமனிதனுக்கும் சொந்தமன்று, விற்கவும் முடியாது, ஆகவே அது அறக்கொடையாகிய வக்பு போன்றது, பாகப்பிரிவினைக்கு உட்படாது என்று அவர் தீர்ப்புரைத்தார். ஒருவன் தானே உழைத்துத் தேடிய பொருள்மட்டும் இஸ்லாமியச் சட்டப்படி அவன் மக்களைச் சேரவேண்டும். ஒரு மரபை முழுவதும் கொள்ளாமலும் முழுவதும் தள்ளாமலும், அதனுள் எது எதுவெனப் பிரித்தறியும் இந்தப் பார்வை மகனுக்குக் கிடைத்த முதற்பாடம் எனலாம். இத்தீர்ப்பின் அருமை நெகிரி செம்பிலானில் விளங்கும். அங்கே 1951இல் ரெம்பாவ் பகுதியில் வழக்காற்று நிலவுரிமையைச் சமயச் சட்டத்துக்கு ஏற்ப மாற்றும் முயற்சி எழுந்தபோது, பெண்கள் கடுமையாக எதிர்த்தனர், நிலம் அசையவில்லை.

ஹம்கா முறையாகப் பள்ளிக் கல்வி முடித்தவரல்லர். பாடாங் பாஞ்சாங்கில் தந்தையார் வளர்த்த சுமத்திரா தவாலிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அரபு இலக்கணப் பாடங்களை உருப்போடுவதில் மனம் செல்லவில்லை. வாடகை நூலகம் ஒன்றில் கதைநூல்களைத் தேடித் தேடிப் படித்தார். தாய்வழிப் பாட்டியின் ஊரில் ‘பந்துன்’ பாடல்களும் பழங்கதைகளும் செவிக்கு விருந்தாயின. பன்னிரண்டு வயதில் பெற்றோர் மணமுறிவு செய்துகொண்டனர். தந்தை பேரறிஞர், ஊரெல்லாம் வணங்கும் உத்தமர். ஆயினும் வழக்காற்றின் நெருக்கடியால் அவரும் தாயை விலக்கினார். இந்த வடு பின்னர் எழுதிய கதைகள் அனைத்திலும் தென்படும்.

1924இல் பதினாறு வயதில் ஜாவாவுக்குச் சென்று, சோக்ரோஅமினோத்தோ போன்ற தலைவர்களின் வகுப்புகளில் அமர்ந்தார். 1927இல் யாரிடமும் முறையாக விடைபெறாமல் மக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே ஓர் அச்சகத்தில் வேலைசெய்து வயிறு வளர்த்தார்; ஓய்வு நேரத்தில் அச்சகத்து நூல்களைப் படித்தார். அவ்வழியே வந்த ஹாஜி அகூஸ் சாலிம், தாய்நாட்டில் செய்யவேண்டிய பணி மிகுதி என்று அறிவுறுத்தவே, ஊர் திரும்பினார். இளமையில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பணி வேண்டியதும் உண்டு. சான்றிதழ் இல்லை என்று மறுத்துவிட்டனர். பிற்காலத்தில் 1959இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகமும் 1974இல் மலேசிய தேசியப் பல்கலைக்கழகமும் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. சான்றிதழை ஒருவன் தேடுவதும் உண்டு. சான்றிதழ் ஒருவனைத் தேடி வருவதும் உண்டு.

1936இல் மேடான் நகரம் சென்று ‘பெடோமான் மஷாராக்காட்’ என்னும் கிழமை இதழின் ஆசிரியப் பொறுப்பேற்றார். ஹம்காவின் இலக்கிய வாழ்வில் பொற்காலம் இங்கே தொடங்குகிறது. அடுத்த மூன்றாண்டுகளுக்குள் மூன்று நூல்கள் உருப்பெற்றன. இரண்டு காதற்கதைகள், ஒன்று ஞானநூல். அரபு மொழியில் சமயம் கற்ற ஓர் அறிஞர், தலைப்பாகை அணிந்த ஒருவர், காதற்கதை எழுதலாமா என்று மார்க்க அறிஞர்கள் சிலர் சீறினர். ஏச்சுகளும் வந்தன. ஹம்கா எழுதுவதை நிறுத்தவில்லை. கலையும் அழகும் மனிதன் இறைவனிடமிருந்து பெற்ற இயல்பு. அதனை அடக்கியொடுக்கிய சமயம் மக்கள் நெஞ்சில் நில்லாது என்பது அவர் கொள்கை.

முதற்கதை 1938இல் பாலாய் புஸ்தாக்கா வெளியிட்ட ‘டி பாவா லிண்டுங்கான் கஅபா’. கஅபாவின் நிழலில் என்று பெயர் கொள்ளலாம். ஏழைச் சிறுவன் ஹாமித், செல்வர் ஒருவரின் ஆதரவில் படித்து, அவர் மகள் ஸைனபை உள்ளத்தில் விரும்புகிறான். நன்றிக்கடன் நாவைக் கட்டுகிறது. சொல்லாமலே ஊரைவிட்டு அகன்று மக்காவை அடைகிறான். அங்கே பல மாதங்களுக்குப் பின் ஸைனபும் தன்னை விரும்பியிருந்தாள் என்று ஒரு நண்பன் வாயிலாக அறிகிறான். அவள் இறந்த செய்தியும் வருகிறது. கஅபாவை வலம்வரும்போதே ஹாமித்தின் உயிர் பிரிகிறது. கதை சிறியது, கண்ணீர் பெரியது. இக்கால வாசகர் சிலருக்குக் கண்ணீர் அளவுமீறியும் தோன்றலாம். ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய ஸூபிப் பாடல்களில் இறைவன்பால் கொண்ட காதலைச் சொல்ல மானிடக் காதல் உவமையாக வரும். தமிழில் குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை நாயகியாக உருவகித்துப் பாடியதைப் பலரும் அறிவர். ஹம்கா அந்த உவமையை அவிழ்த்துத் தனித்தனியே வைத்துவிட்டார். அவர் கதையில் மானிடக் காதல் மானிடக் காதலே. ஆனால் அது நிறைவேறாதபோது மனிதன் போய் நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு என்று காட்டுகிறார். ஞானப்பாடலின் கருப்பொருள் நாவலின் கதைப்போக்காக மாறியது.

இரண்டாம் கதையாகிய ‘தெங்கலாம்ஞா காப்பால் வான் டெர் வைக்’, அதாவது வான் டெர் வைக் கப்பல் மூழ்கிய கதை, முதலில் இதழில் தொடராக வந்து 1939இல் நூலாயிற்று. அப்பெயருடைய கப்பல் 1936 அக்டோபரில் கிழக்கு ஜாவாவின் வடகரைக்கு அப்பால் உண்மையாகவே மூழ்கியது. நாட்டையே உலுக்கிய அச்செய்தி ஆறுமுன் ஹம்கா அதனைக் கதையின் முடிவாக்கினார்.

கதைத்தலைவன் ஸைனுத்தீன். அவன் தந்தை மினாங்கபாவ். தாய் மக்காஸார் நாட்டினள். சொத்துத் தகராறில் தாய்மாமனைக் கொன்று சிறைப்பட்ட தந்தை, தண்டனை முடிந்து சுலாவெசித் தீவில் குடியேறி மணந்தவர். மக்காஸாரில் ஸைனுத்தீனைப் பாடாங்காரன் என்கின்றனர். தந்தையின் ஊர் தேடி பாத்திப்பூ கிராமத்துக்கு வந்தால், தாய் மினாங்கபாவ் அல்லாததால் உனக்குக் குலமில்லை என்கின்றனர். தந்தைவழியில் எண்ணும் ஊரில் தாயூரான். தாய்வழியில் எண்ணும் ஊரில் தந்தையூரான். இரண்டு கணக்கிலும் அவன் பெயர் இல்லை. ஹயாத்தி என்னும் பெண்ணும் அவனும் விரும்புகின்றனர். மாமன்மார் கூடிப் பேசுகின்றனர். அந்தக் கூட்டத்தைச் சித்திரிக்கும் பகுதியே நூலின் உயிர்நிலை. கொடியவர் எவரும் அங்கில்லை. ஒவ்வொருவரும் பண்பாகவும் பழமொழி கலந்தும் பேசுகின்றனர். மலாய் மொழியின் நயமெல்லாம் அவர்கள் நாவில் விளையாடுகிறது. அவ்வளவு அழகான மொழியில் ஒரு பெண்ணின் வாழ்வு அறுக்கப்படுகிறது. ஹயாத்தி, குலமும் செல்வமும் உடைய அஸீஸுக்கு மணமுடிக்கப்படுகிறாள்.

ஸைனுத்தீன் ஜாவா சென்று புகழ்பெற்ற எழுத்தாளன் ஆகிறான். அஸீஸ் சூதாலும் கடனாலும் அழிந்து தன்னுயிர் மாய்த்துக்கொள்கிறான். ஆதரவின்றி நிற்கும் ஹயாத்தியை ஏற்க ஸைனுத்தீனின் தன்மானம் இடந்தரவில்லை. கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறான். அக்கப்பல்தான் வான் டெர் வைக். மரபின் கொடுமைக்கு ஆளானவனே கடைசியில் கொடுமை செய்தவனாகிறான் என்னும் இடத்தில்தான் ஹம்கா வெறும் சீர்திருத்தப் பரப்புரையாளரைக் கடந்து நிற்கிறார். வழக்காற்றைச் சாடுவது எளிது. வழக்காற்றால் அடிபட்டவனின் நெஞ்சிலும் மன்னிக்கமாட்டாத ஓர் இறுக்கம் உண்டென்று காட்டுவது அரிது. அவ்விறுக்கத்தை நீக்கச் சட்டத்தாலும் ஆகாது, கல்வியாலும் ஆகாது. அதற்கு வேறொரு மருந்து வேண்டும். ஹம்கா மூன்றாவதாக எழுதிய ஞானநூல் அம்மருந்தைப் பற்றியதே.

அதற்குமுன், இக்கதையைச் சூழ்ந்த ஒரு வழக்கையும் சொல்லிச் செல்லவேண்டும். 1962இல் ஜகார்த்தாவின் ‘பிந்தாங் தீமூர்’ நாளிதழில், பிரமுத்யா அனந்த தூர் நடத்திவந்த இலக்கியப் பகுதியில், இந்நாவல் எகிப்திய எழுத்தாளர் அல்-மன்பலூத்தியின் நூலைத் திருடியது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. அல்-மன்பலூத்தியின் நூலோ அல்போன்ஸ் கார் என்னும் பிரெஞ்சுக்காரரின் நாவலைத் தழுவியது. சாயல் உண்டு, கடிதப் பகுதிகளில் ஒற்றுமை உண்டு, ஆனால் களமும் சிக்கலும் ஆசிரியரின் சொந்த அனுபவத்தில் பிறந்தவை என்று திறனாய்வாளர் எச். பி. யாசின் எதிர்வாதம் செய்தார். அக்கருத்தே நடுநிலையானதாகத் தோன்றுகிறது. பாத்திப்பூவின் மாமன்மார் கூட்டத்தைப் பாரிஸிலிருந்து எவரும் திருடிவர இயலாது.

இனி ஞானநூல். 1937முதல் இதழில் மனமகிழ்ச்சியைப் பற்றி ஹம்கா ஒரு தொடர் எழுதிவந்தார். வாசகர் வேண்டுகோளின்படி அது 1939இல் ‘தசாவுப் மோடேர்ன்’ என்னும் பெயரில் நூலாக வந்தது. புதுக்கால அகஞானம் என்பது பொருள். பெயரைக் கேட்டுப் புதுமையான தத்துவம் ஏதோ என்று எண்ணி நூலைத் திறப்பவர் வியப்படைவர். தஸவ்வுப் என்பதன் தொடக்ககாலப் பொருளுக்கே திரும்புவதைத்தான் அவர் புதுமை என்கிறார். தீய குணங்களைக் களைந்து நற்குணங்களை மேற்கொள்வதே அதன் ஆதிநோக்கம். உலகைத் துறந்து மூலையில் முடங்குவதும், உழைக்காமல் இருப்பதைப் பற்றின்மை என்று சொல்லிக்கொள்வதும் பின்னாளில் படிந்த தூசு என்பது அவர் முடிபு.

ஆகவே அந்நூலில் நாற்பது நாள் நோன்பு இல்லை. குருவின் உருவை நினைத்தலும் இல்லை. அவற்றின் இடத்தில் என்ன இருக்கிறது? மனநிறைவு, இறைவன்மீது பொறுப்பைச் சார்த்துதல், நாணம், வாய்மை, உடல்நலம், உள்ளநலம், பொருளீட்டும் முறை ஆகியவை பற்றிய உரைகள் இருக்கின்றன. இமாம் கஸ்ஸாலியும் அரிஸ்டாட்டிலும் ஒரே பக்கத்தில் அமர்ந்து பேசுகின்றனர். மனநிறைவைப் பற்றி அவர் கூறுவது சிந்தைக்குரியது. இருப்பதை ஏற்றுக்கொள்ளுதல் என்பது வேலையை விட்டுவிடுதல் அன்று. முயன்று பெற்றது குறைவாயினும் நெஞ்சு கலங்காமலிருத்தல் என்கிறார். பொருளாதாரம் தளர்ந்து, தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் வேலையிழந்தோர் அலைந்த காலம் அது. காலனி ஆட்சிக்குட்பட்ட மக்களிடம் மனநிறைவைப் போதிப்பது அடிமைத்தனத்தைப் போதிப்பதாக முடியக்கூடும். அந்த இடர்ப்பாட்டை அவர் உணர்ந்திருந்தார் என்பது அவர் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் தெரிகிறது.

இங்குப் பாட்டனாரும் தந்தையாரும் என்ன ஆயினர் என்று நோக்கவேண்டும். குருவும் சீடரும் சடங்கும் உடைய அமைப்பைத் தந்தையார்போலவே ஹம்காவும் விட்டுவிட்டார். ஆனால் அந்த அமைப்பு எதற்காக ஏற்பட்டதோ அந்த உள்ளப்பயிற்சியை விடவில்லை. தந்தையின் தலைமுறை, தூய்மை செய்யும் ஆர்வத்தில் வீட்டைக் கழுவிவிட்டது. கழுவிய வீட்டில் விளக்கேற்ற நேரம் கிடைக்கவில்லை. சட்டம் எது, வழு எது என்று வாதிடுவதிலேயே அவர்கள் காலம் சென்றது. ஹம்காவின் வாசகர் அந்த வீட்டில் பிறந்தவர்கள். அவர்களுக்குத் தரீக்காவுக்குத் திரும்பிச் செல்லவும் மனமில்லை, வாதத்தால் வயிறு நிறையவும் இல்லை. அவர்கள் கையில் குருவுக்குப் பதிலாக ஒரு புத்தகத்தைக் கொடுத்தார் ஹம்கா. அச்சு இயந்திரம் ஞானகுருவின் இருக்கையில் அமர்ந்தது எனலாம். இதில் இழப்பும் உண்டு. குரு சீடனின் முகம் பார்த்துப் பேசுவார்; புத்தகம் அவ்வாறு செய்யாது. தரீக்காவை அவர் மதிப்பிட்டதில் ஒருபக்கச் சாய்வும் உண்டு. மேற்குச் சுமத்திராவில் நக்ஷபந்திகள் சோம்பிக் கிடந்தவர்கள் அல்லர், இன்றளவும் அவர்கள் வழி அற்றுப்போகவும் இல்லை.

வழக்காற்றைப் பற்றி ஹம்கா பின்னர் இன்னும் கூர்மையாக எழுதினார். மழையில் மக்காது, வெயிலில் வெடிக்காது என்று மினாங்கபாவ் மக்கள் தங்கள் வழக்காற்றைப் போற்றுவர். மக்காததும் வெடிக்காததும் கல் ஒன்றே என்று அவர் எள்ளினார். எனினும் அவர் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வழக்காற்றின் பழமொழியும் பந்துன் நடையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாமன்மாரின் தீர்ப்பைத் தள்ளியவர் மாமன்மாரின் மொழியைக் கைவிடவில்லை. தந்தையார் குலநிலத்தையும் தேடிய பொருளையும் பிரித்ததுபோல மகன் மரபின் மொழியையும் மரபின் தண்டனையையும் பிரித்தார். 1950இல் தந்தையின் வரலாற்றை ‘ஆயாக்கூ’ என்னும் நூலாக எழுதியபோதும், பாட்டனாரின் ஞானவாழ்வை மறைக்காமல் மதிப்போடு பதிவுசெய்தார்.

எழுதியவை எல்லாம் சோதனைக்கு உள்ளான காலம் 1964இல் வந்தது. ஜகார்த்தாவின் கெபாயோரான் பாரு பகுதியிலுள்ள பள்ளிவாசலில் 1950களின் இறுதிமுதல் வைகறைத் தொழுகைக்குப் பின் ஹம்கா திருக்குர்ஆன் விரிவுரை ஆற்றிவந்தார். அங்கு வருகைபுரிந்த அல்-அஸ்ஹர் தலைவர் மஹ்மூத் ஷல்தூத் அப்பள்ளிவாசலுக்கு அல்-அஸ்ஹர் என்றே பெயர் சூட்டினார். விரிவுரைகள் இதழில் வெளிவந்துகொண்டிருந்தன. 1964 ஜனவரி 27ஆம் நாள், ரமலான் நோன்பு நாளில், பெண்களுக்கு வகுப்பு நடத்தி வீடு திரும்பிய அவரைக் காவலர் கைதுசெய்தனர். மலேசியாவை எதிர்த்துச் சுகர்னோ ‘கொன்பிரந்தாசி’ நடத்திய காலம் அது. அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார், மலேசியாவுக்கு நாட்டை விற்றார் என்பவை குற்றச்சாட்டுகள். அவரைக் கொண்டுசென்ற ஊர்களுள் ஒன்று சுகாபூமி. 1941இல் டச்சுக்காரர் ஹம்காவின் தந்தையாரை நாடுகடத்தி வைத்ததும் அதே ஊரில்தான். அன்னியர் ஆட்சி தந்தைக்குச் செய்ததை விடுதலைபெற்ற நாடு மகனுக்குச் செய்தது.

இரவும் பகலும் விசாரணை நடந்தது. நாட்டை விற்ற துரோகி என்று ஒரு நாள் அவரை நோக்கி இகழ்ந்தனர். அவ்வளவு இழிசொல்லை வாழ்நாளில் அவர் கேட்டதில்லை. அவரிடம் ஒரு சவர அலகு இருந்தது. கைநரம்பை அறுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும் என்னும் எண்ணம் நெஞ்சில் புகுந்தது. ‘தசாவுப் மோடேர்ன்’ நூலின் பிற்காலப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே இதனை ஒளிக்காமல் கூறியிருக்கிறார். இறந்தால், அந்நூலைப் படித்து ஆறுதல் பெற்றவர் என்ன நினைப்பர், எழுதியவனுக்கே உதவாத நூல் பிறர்க்கு எவ்வாறு உதவும் என்ற வினா எழுந்ததாகவும், நெடும்போராட்டத்துக்குப் பின் இறைநம்பிக்கை வென்றதாகவும் எழுதுகிறார். அஸீஸுக்குத் தான் எழுதிய முடிவு தன்னை நோக்கி வந்தபோது ஹம்கா அதனைத் தள்ளினார்.

இரண்டாண்டுக்கு மேற்பட்ட சிறைவாசத்தில் ‘தப்ஸீர் அல்-அஸ்ஹர்’ என்னும் முப்பது பகுதி விரிவுரையின் பெரும்பகுதியை எழுதி முடித்தார். சுகர்னோ ஆட்சி தளர்ந்தபின் 1966இல் விடுதலை பெற்றார். மறு ஆண்டு நூல் அச்சேறத் தொடங்கியது. வெளியில் இருந்திருந்தால் இப்பணி முடிந்திராது என்று அவர் நன்றியோடு குறிப்பிட்டது பகைவரைப் புகழ்வதற்கன்று. கணக்கு அப்படித்தான் இருந்தது. அரபு விரிவுரையாளர்களின் கருத்துகளோடு மினாங்கபாவ் பழமொழிகளும் மலாய்ப் பந்துன்களும் தம் பயண நினைவுகளும் இந்நூலில் இடம்பெறுகின்றன. ஏரிக்கரைப் பாட்டியின் குரல் வேதவிரிவுரையில் கேட்பது இந்நூலுக்கே உரிய தனிச்சிறப்பு.

1970 ஜூன் 21ஆம் நாள் சுகர்னோ மறைந்தார். ஹம்கா ஜனாஸாத் தொழுகையை நடத்தவேண்டும் என்பது மறைந்தவரின் விருப்பம் என்று செய்தி வந்தது. ஹம்கா தயங்காமல் சென்று நடத்தினார். தம்மைத் திருடர் என்று தூற்றிய பகுதியை நடத்திய பிரமுத்யாவும் பின்னர், தம் மகளை மணக்கவிருந்த இளைஞரை இஸ்லாம் கற்க ஹம்காவிடமே அனுப்பினார் என்று கூறுவர். பழைய வழக்கைப் பற்றி ஹம்கா ஒரு சொல்லும் பேசவில்லையாம். ஸைனுத்தீனால் முடியாதது அவனைப் படைத்தவரால் முடிந்தது. 1975இல் இந்தோனேசிய உலமா மன்றத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1981 மே மாதம் மார்க்கத் தீர்ப்பு ஒன்றில் அரசோடு கருத்து வேறுபட்டுப் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூலை 24ஆம் நாள் ஜகார்த்தாவில் காலமானார். 2011இல் அவருக்கு இந்தோனேசிய தேசிய வீரர் என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. 2013இல் வான் டெர் வைக் கதை திரைப்படமாகி, அவரைப் படித்திராத இளைஞரையும் கலங்கவைத்தது.

சிறைக்காலத்து நிகழ்ச்சி இன்னும் ஒன்று அம்முன்னுரையில் உண்டு. காவலில் இருந்தபடியே நோய்வாய்ப்பட்டு ஜகார்த்தாவின் பெர்சஹாபாத்தான் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஹம்கா, படுக்கையில் ‘தசாவுப் மோடேர்ன்’ நூலைப் படித்துக்கொண்டிருந்தார். காணவந்த நண்பர் ஒருவர் ஹம்கா எழுதிய நூலை ஹம்காவே படிப்பதைக் கண்டு வியந்து வினவினார். ஹம்கா தமக்குத் தாமே வழிகாட்டிக்கொண்டிருக்கிறார், மற்றவர்களுக்கு ஆறுதல் தந்த நூலிலிருந்து தாமும் ஆறுதல் தேடுகிறார் என்று விடையளித்துவிட்டு, அவர் மீண்டும் நூலில் ஆழ்ந்தார்.